சாலக்குடி–பரம்பிக்குளம் காட்டு டிராம்வேயும் காணாமல் போன இன்ஜின்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரம்பிக்குளம் போய்வந்தவர்கள், அங்கே காட்டுக்குள் மிஞ்சியிருக்கும் குரியார்குட்டிப் பாலத்தின் படத்தைப் பார்த்தவர்கள், பழைய ரயில் பித்தர்கள் என்று பலரும், கொச்சி சமஸ்தானத்துக் காட்டிலிருந்து மரம் இறக்கிய இந்தப் பழைய ரயிலைப் பற்றியும் அதன் இன்ஜின்கள் எங்கே போயின என்பது பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் வந்த விஷயத்தை இன்னொன்றில் மறுபடி விளக்கவில்லை. ஆகவே மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது.

காட்டு ரயில்னா என்ன? ஊட்டி ரயில் மாதிரியா?

இல்லை. ஊட்டி ரயில் ஆட்களை ஏற்றிப்போகப் போட்டது. காட்டு ரயில் மரத்தை இறக்கப் போட்டது. கூப்பில் (மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப் பகுதியில்) வெட்டிய தேக்கையும் ஈட்டியையும் யானை இழுத்துவந்து பாதையோரம் சேர்க்கும். அங்கிருந்து தட்டு வண்டிகளில் ஏற்றி டிப்போவுக்குக் கொண்டுபோவார்கள். வெட்டு முடிந்தால் கிளைப்பாதையைப் பிடுங்கி அடுத்த கூப்புக்கு மாற்றிவிடலாம். அதனால் இந்தப் பாதைகளைப் பொது ரயில்வேயின் தரத்துக்குக் கட்டுவதில்லை, பொது ரயில்வேயின் ஆவணங்களிலும் தேடிக் கிடைப்பதில்லை. முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: ரயில் என்றதும் ரயில்வே ஆவணத்தைத் தேடுகிறார்கள். இது வனத்துறையின் சொத்து, எனவே தேடல் வனத்துறைக் கணக்கில் தொடங்க வேண்டும்.

கொச்சி டிராம்வே எது, எப்போ ஓடுச்சு? சுருக்கமா சொல்லுங்க.

கொச்சி சமஸ்தான வன டிராம்வே பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 49.5 மைல், அதாவது 80 கிலோமீட்டர் நீளம். மீட்டர் கேஜ். 1907 முதல் 1963 வரை ஓடியது. இன்ஜின், தண்டவாளம் முதலான சாமான்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்திலிருந்து வந்தவை. கொச்சி ராஜா யானைகளின் நெற்றிப்பட்டங்களை விற்று ரயில் போட்டார் என்ற கதையை இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். அந்தக் கதை சொல்லப்படுவது 1902ல் திறந்த ஷொர்ணூர்–எர்ணாகுளம் பாதையைப் பற்றி, இதைப் பற்றி அல்ல.

டாப் ஸ்லிப்ல இருந்த ரயிலும் டாப் ஸ்டேஷன் ரயிலும் இதுவும் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு. டாப் ஸ்லிப் தமிழ்நாட்டுப் பக்கம், ஆனைமலையில் இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் மரத்தைச் சறுக்கி விட்டதால் வந்த பெயர் அது. டாப் ஸ்டேஷன் மூணாறுக்கு அப்பால், போடிக்கு மேலே இருக்கிறது. அங்கே ஓடிய குண்டளை ரயில் தேயிலைக்கானது. 1902ல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908ல் இரண்டடி கேஜ் ஆகி, 1924 வெள்ளத்தில் அடித்துப் போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கும், அங்கிருந்து போடிக்குப் போகும். சாலக்குடி டிராம்வேயோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இணையத்தில் குண்டளை இன்ஜின் படத்தின் கீழ் பரம்பிக்குளம் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இன்ஜினே இல்லாம மலையில வண்டி ஏறி இறங்குச்சுங்கிறாங்களே, அது எப்படி?

சரிவுப்பாதை முறை அது. செங்குத்தான சரிவில் நேர்கோட்டில் பாதை போட்டு, உச்சியில் பெரிய உருளை ஒன்றை வைப்பார்கள். உருளையில் சுற்றிய இரும்புவடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். ஆளுக்கு வேலை பிரேக் பிடிப்பது மட்டும்தான். பாரம் எப்போதும் கீழ்நோக்கியே போகும் மரத்தொழிலுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. இரண்டு வண்டிகளும் நடுவில் சந்திக்கும் என்பதால் அங்கே மட்டும் இரட்டைப் பாதை இருக்க வேண்டும். தண்டவாளத்தை மிச்சம் பிடிக்க, மேல்பாதியில் மூன்று தண்டவாளமும் கீழ்பாதியில் இரண்டும் போடுவது பல நாடுகளில் இருந்த வழக்கம்.

இன்ஜின் தேடுவோருக்கு இதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. சரிவுப்பாதையில் இன்ஜின் தானாக ஓடாது. எனவே மேல்பகுதி இன்ஜின்கள் மேலேயே வேலை செய்யும், கீழ்ப்பகுதி இன்ஜின்கள் கீழேயே. ஒரே டிராம்வேயில் இரண்டு தனிக் கூட்டங்கள். ஒரு இன்ஜின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை முதலில் தீர்மானிக்காமல் அதன் முடிவைத் தேடினால் சுற்றிச் சுற்றித்தான் வருவீர்கள்.

காட்டுப்பாதை, வண்டிப்பாதை, ரயில் கரை: மூணையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

ஏற்றத்தைப் பாருங்கள். மாட்டுவண்டிப்பாதை திடீரென்று ஏறும், சட்டென்று வளையும். இன்ஜின் ஓடிய பாதை சீராக ஏறும், மேடு வந்தால் வெட்டும், பள்ளம் வந்தால் கரை போட்டுக் கடக்கும். சாதாரண இன்ஜினுக்கு 40க்கு 1 என்பது கௌரவமான ஏற்றம். 100 மீட்டருக்கு 2.5 மீட்டர். 25க்கு 1, அதாவது 100க்கு 4 மீட்டர் தாண்டினால் அது இன்ஜின் பாதையா என்று சந்தேகப்படுங்கள். நேர்கோடாகவும் மிகச் செங்குத்தாகவும் இருந்தால் மேலே சொன்ன சரிவுப்பாதை. உச்சியில் உருளை நின்ற கல்மேடை இருக்கிறதா, பாதிவழியில் தளம் அகலமாகிறதா என்று பாருங்கள்.

கைபேசியின் உயரக் கணக்கை நம்பி 50 மீட்டர் தூரத்தை அளக்காதீர்கள். அடர்ந்த மரத்தடியில் 10, 20 மீட்டர் பிசகுவது சாதாரணம். குறைந்தது 500 மீட்டர் எடுத்து இரு முனைகளையும் ஒப்பிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவிலும் ஒரு சங்கடம் உண்டு: காட்டில் அது மரத்தின் தலையை அளக்குமே தவிர தரையை அளக்காது.

கரை தெரிந்துவிட்டால் மதகுகளைத் தேடுங்கள். பலகையும் ஸ்லீப்பர் கட்டையும் போயிருக்கும், சுண்ணாம்புக் காரையில் கட்டிய கல்மதகு நிற்கும். ஆனால் பல இடங்களில் ரயில் கரைமேலேயே ஜீப் பாதை போட்டுவிட்டார்கள், மதகுக்கு மேல் சிமெண்ட் பூச்சு ஏறியிருக்கும். அதனால் மேலே பார்க்காமல் ஓடைக்குள் இறங்கிப் பக்கவாட்டில் பாருங்கள்.

எந்த வரைபடம் வாங்கணும்?

இந்திய நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குலம்–ஒரு மைல் தாள்கள். அவற்றின் எண்ணிடும் முறைப்படி சாலக்குடி 58பி/7ல் வரும், இடைப்பட்ட காடு 58பி/11ல், பரம்பிக்குளம் 58பி/15ல். மூன்றையும் சேர்த்து ஒட்டினால்தான் முழுப்பாதை தெரியும். 1963க்கு முந்திய பதிப்பு ஒன்றும் பிந்தியது ஒன்றும் வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட அணைகள் வந்தபின் மேல்முனையின் நிலமே மாறிவிட்டது. புதிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பாதை தண்ணீருக்குள் போகும் இடத்தில் நின்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

தாளின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகள் இருக்கும்: அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு. நமக்கு வேண்டியது அளந்த ஆண்டு. பிற்பாடு மறு அச்சு போட்டபோது எடுத்துவிட்ட பாதையையும் அப்படியே விட்டிருக்கலாம்.

ஃபைல்ல 1082னு போட்டிருக்கு. இது என்ன கணக்கு?

கொல்லம் ஆண்டு. கொச்சி சமஸ்தானத்து நிர்வாக அறிக்கைகள் இந்தக் கணக்கில்தான் போகும். ஆண்டு சிங்க மாதத்தில், நம் ஆவணியில், தொடங்கும். சிங்கம் முதல் ஆங்கில ஆண்டின் டிசம்பர் வரை என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து கடகம் முடிய 825. எனவே 1082 கன்னி என்றால் 1906 செப்டம்பர்–அக்டோபர், 1082 மகரம் என்றால் 1907 ஜனவரி–பிப்ரவரி. ‘1082ஆம் ஆண்டு அறிக்கை’ இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். ‘இன்ஜின் 1906ல் வந்தது’, ‘இல்லை 1907ல்’ என்று நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருபவை.

எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போறது? சென்னையா, எர்ணாகுளமா?

முதலில் எர்ணாகுளம். கொச்சி சமஸ்தானத்து ஆவணங்கள் கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் எர்ணாகுளம் கிளையில் இருக்கின்றன. ஆனைமலைப் பக்கத்துக் காடு, எல்லைத் தகராறு, சென்னை மாகாண வன அதிகாரிகளின் கடிதம் என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இரண்டிலும் ‘டிராம்வே’ என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். வனக்கோட்டங்களின் வேலைத்திட்டங்களில் மரத்தைக் காட்டிலிருந்து கொண்டுசெல்வது பற்றித் தனி அத்தியாயம் இருக்கும். ஆண்டு அறிக்கையில் வரவு–செலவுப் பக்கத்தைப் பாருங்கள். இன்ஜின் வாங்கினால் மூலதனச் செலவில் ஏறும், பாய்லர் மாற்றினால் பழுதுச் செலவில் வரும், விற்றால் வரவில் வரும். விவரிப்புப் பகுதியில் ஒரு வரியும் இல்லாத இன்ஜின்கூட கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

ஊர்ப்பெயரைப் பல எழுத்தில் தேட வேண்டும். தூணக்கடவு ஆங்கிலக் காகிதங்களில் டூனக்கடவூ என்று கிடக்கும், ஆனைமலை அனமல்லே ஆகிவிடும். குரியார்குட்டி, ஒருகொம்பன், ஆனப்பாந்தம் எல்லாவற்றுக்கும் இதே கதி.

தண்டவாளத்துல எழுத்து இருக்கு. அதை வெச்சு பாதை போட்ட வருஷம் சொல்லலாமா?

சொல்ல முடியாது. ‘அதற்கு முந்தி இல்லை’ என்று மட்டும் சொல்லலாம். தண்டவாளத்தின் இடுப்பில் புடைப்பெழுத்தில் ஆலையின் பெயர், ஆண்டு, கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்பவை இருக்கும். காட்டுப்பாதைகளில் பெரிய ரயில்வே கழித்த தண்டவாளத்தை வாங்கிப் போடுவது சகஜம். அதனால் எழுத்து பாதையைவிடப் பழையதாக இருக்கலாம். பழுதுபார்க்கையில் மாற்றியிருந்தால் புதியதாகவும் இருக்கலாம். டாட்டா என்று இருந்தால் அது 1912க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அந்த ஆலை எஃகு வார்க்கத் தொடங்கியதே அப்போதுதான். 1907ல் திறந்த பாதையில் அது கிடைத்தால் மாற்றிப் போட்ட தண்டவாளம் என்று அர்த்தம்.

எழுத்து தேய்ந்திருந்தால் எடை பாருங்கள். ஊருக்குள் கேட் தூணாகவும் உத்திரமாகவும் போன துண்டுகள் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் துண்டின் கிலோ எடையை 6.72ஆல் பெருக்கினால் கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்று வரும். 4.46 கிலோ இருந்தால் 30 பவுண்டுத் தண்டவாளம். துரு தின்ற துண்டில் இது குறைவாகவே காட்டும். இதற்காகக் காட்டில் கிடப்பதை அறுக்காதீர்கள்.

மீட்டர் கேஜ் சக்கரம் ஒண்ணு சாலக்குடில கிடைச்சுது. டிராம்வேயோடதுதானே?

அவசரப்படாதீர்கள். முன்னே சொன்ன ஷொர்ணூர்–எர்ணாகுளம் பாதையும் சாலக்குடி வழியாகத்தான் போகிறது, அதுவும் முதலில் மீட்டர் கேஜ்தான். 1930களில்தான் அகலப்பாதை ஆனது. சுமார் 30 ஆண்டுகள் ஒரே ஊரில் ஒரே கேஜில் இரண்டு பாதைகள். பொள்ளாச்சிப் பக்கமும் இதே குழப்பம் வரும், அங்கே ஓடிய ரயிலும் மீட்டர் கேஜ்தான். கேஜ் ஒரு பொருளை விலக்கப் பயன்படும்: இரண்டடி கேஜ் சக்கரம் என்றால் டிராம்வே இல்லை என்று தள்ளலாம். உறுதி செய்ய வேறு ஆதாரம் வேண்டும்.

இன்ஜின்ல ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல்னு இல்லை, கோப்பல்னு மட்டும் இருக்கு. போலியா?

போலி இல்லை, அந்தக் காலத்துக்குப் பொருத்தமானதே. 1876ல் சேர்ந்து தொடங்கிய இருவரும் 1885ல் பிரிந்தார்கள். உள்நாட்டு வியாபாரம் ஓரன்ஸ்டைனுக்கு, வெளிநாட்டு வியாபாரம் ஆர்தர் கோப்பலுக்கு. 1909ல்தான் மறுபடி ஒன்றானது. எனவே 1907 வாக்கில் இந்தியாவுக்கு வந்த சாமானில் ஆர்தர் கோப்பல் பெயர் மட்டும் இருப்பது இயல்பு. 

தகட்டின் ஆண்டையும் வந்திறங்கிய ஆண்டையும் ஒன்றாக எடுக்காதீர்கள். இந்த நிறுவனம் ஆர்டர் வருமுன்பே இன்ஜின்களைச் செய்து இருப்பில் வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளி ஆச்சரியமில்லை.

தகடே இல்லை. இன்ஜினை எப்படி அடையாளம் காணுறது?

இணைப்புத்தண்டு, அச்சின் முனை, உந்துதண்டின் தலை ஆகியவற்றில் ஆலை எண்ணை அச்சடித்திருப்பார்கள். கம்பித்தூரிகையால் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடியுங்கள், மெல்லிய தாளை வைத்துக் கரியால் தேய்த்து எடுங்கள். ஒரு பாகத்து எண் போதாது. ஒரு இன்ஜினின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவது பட்டறைகளில் அன்றாடம் நடந்தது. மூன்று பாகங்களாவது ஒத்துவந்தால் நம்பலாம்.

பாய்லர் எண்ணை இன்ஜின் எண்ணாக எழுதிவிடுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. பாய்லர் மாற்றக்கூடியது. இன்ஜின் செத்தபிறகும் அதன் பாய்லர் ஏதாவது ஆலையில் நீராவி கொடுத்துக்கொண்டு பிழைத்திருக்கலாம். அப்படியானால் 1923 இந்திய பாய்லர் சட்டப்படி தனிப் பதிவெண் அதில் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் பதிவேட்டில் பின்னோக்கிப் போகலாம்.

அமெரிக்கக் காட்டுல ஓடுன ஷே இன்ஜின் இங்கேயும் ஓடியிருக்குமா?

ஷே என்பது பல்சக்கர (கியர்) இன்ஜின். எல்லாச் சக்கரத்துக்கும் விசை போகும், அதனால் 10க்கு 1 போன்ற ஏற்றத்திலும் ஏறும். ஓஹையோவின் லைமா ஆலையில் ஏறக்குறைய 2,770 செய்தார்கள். 1945ல் செய்த கடைசி ஷே, 162 டன், மேற்கு வர்ஜீனியாவின் காஸ் பாதையில் இருக்கிறது. நமக்கு அருகில் என்றால் தைவானின் அலிஷான் வனரயில். 762 மில்லிமீட்டர் கேஜ், 18 டன், 28 டன் ஷேக்கள். அங்கே மலையைச் சுருள்சுருளாகச் சுற்றி ஏறினார்கள், கொச்சியில் அதே பிரச்சினையைச் சரிவுப்பாதை வைத்துத் தீர்த்தார்கள். சரிவுப்பாதை இருக்குமிடத்தில் பல்சக்கர இன்ஜினுக்கு வேலை இல்லை.

பல்சக்கர இன்ஜின்களில் ஷே தவிர வேறு இனங்களும் உண்டு; படத்தைப் பார்த்து இனம் சொல்ல ஒரு குறுக்குவழி. வலப்பக்கம் சிலிண்டர்கள் செங்குத்தாக நின்று, சக்கரத்தின் வெளிமுகத்தில் பற்கள் தெரிந்தால் ஷே. இரு பக்கமும் சாய்ந்த சிலிண்டர், பற்கள் வெளியே தெரியாவிட்டால் கிளைமேக்ஸ். சிலிண்டர்கள் பாய்லரைக் கட்டிப்பிடித்த மாதிரி ‘வி’ வடிவில் இருந்து, சக்கரங்களை வெளித்தண்டு சேர்த்தால் ஹைஸ்லர். ஷேயின் சிலிண்டர் இடப்பக்கம் தெரிகிறதா? படத்தைத் திருப்பி அச்சிட்டுவிட்டார்கள்.

இன்ஜினைக் காட்டுக்குள்ளேயே விட்டுட்டுப் போனாங்களாமே, பள்ளத்துல தள்ளிட்டாங்களாமே?

எந்தக் காட்டு ரயிலுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். உண்மையில் நடந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஈகிள் ஏரிக்கரையில் இரண்டு பெரிய இன்ஜின்கள் இன்றும் நிற்கின்றன. 1920களின் இறுதியில் தொடங்கிய அந்தப் பாதை 1933ல் நின்றது. ஊர் ரயிலோடு இணைப்பு கிடையாது, வெளியே இழுக்கச் சாலை கிடையாது, பொருளாதார மந்தத்தில் பழைய இரும்புக்கு விலையும் கிடையாது. மூன்றும் சேர்ந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். மூடியிருந்த கொட்டகையும் 1969ல் எரிந்துபோனது.

அந்த மூன்றையும் கொச்சியில் வைத்துப் பாருங்கள். பாதை முடிந்தது 1963ல். கீழ்முனை சாலக்குடி நகரத்துக்குள், பட்டறைக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில். பழைய இரும்புக்கு நல்ல கிராக்கி இருந்த காலம். கீழ்ப்பகுதி இன்ஜினைக் காட்டில் விட யாருக்கும் காரணமில்லை. வேறு ஆதாரம் கிடைக்கும்வரை அது இரும்புக்கடைக்குப் போனது என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். ஏலக்குறிப்பும் வரவுக்கணக்கும்தான் பள்ளத்தாக்கைவிடப் பலன் தரும். மேல்பகுதி இன்ஜினுக்கு மட்டும் ‘எப்படி இறக்கினார்கள்’ என்ற கேள்வி மிஞ்சும். பிரித்து இறக்கியிருந்தால் அதற்கும் கூலிப்பட்டியல் இருந்தாக வேண்டும்.

அங்கே இருக்கிற பெரியவங்ககிட்ட எப்படிக் கேட்கணும்?

குரியார்குட்டி காடர் குடியிருப்பு. பரம்பிக்குளத்தில் மலசர், முதுவர் குடியிருப்புகளும் உண்டு. ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நிகழ்ச்சியோடு கோத்துக் கேளுங்கள்: அணை வேலை தொடங்குவதற்கு முன்பா, பின்பா? குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி என்றால் ‘99 வெள்ளத்துக்கு’ முன்பா, பின்பா? அது கொல்லம் 1099ல், 1924 ஜூலையில், வந்த வெள்ளம். குண்டளை ரயிலை அடித்துப்போனதும் அதுவே. ‘இன்ஜின் எங்கே?’ என்று தொடங்கினால் கேட்பவர் விரும்பும் பதில்தான் வரும். ‘தண்ணி எங்கே பிடிப்பாங்க, விறகு எங்கே அடுக்குவாங்க’ என்று தொடங்குங்கள். தண்ணீர் பிடித்த இடத்தில் இன்ஜின் நின்றிருக்கிறது.

சும்மா நடந்து போய்ப் பார்க்கலாமா? ஒரு போல்ட் கிடைச்சா எடுத்துக்கலாமா?

இரண்டுக்கும் இல்லை. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். சாலைவழி சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக முடியும். ஆகவே இரண்டு மாநில வனத்துறைச் சோதனைச் சாவடிகள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே திரிய முடியாது. அனுமதிக் கடிதத்தில் ‘டிராம்வே ஆய்வு’ என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பாலம், எந்த மதகு, எத்தனை பேர், எத்தனை மணிநேரம் என்று எழுதினால் பரிசீலிப்பவருக்கு வேலை எளிது. அளவுநாடா, கேமரா, தாள், கரி போதும். மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோனால் பேச்சு வேறுமாதிரி போகும்.

போல்ட்டை எடுக்காததற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. கிடந்த இடத்தில்தான் அது சாட்சி. மேசைமேல் வந்துவிட்டால் வெறும் போல்ட்.

கண்டுபிடிச்ச இடத்தோட ஜிபிஎஸ் எண்ணை நெட்ல போடலாமா?

குரியார்குட்டிப் பாலம் போல ஏற்கெனவே ஊரறிந்த இடம் என்றால் போடலாம். கழற்றித் தூக்கக்கூடிய இரும்பு கிடக்கும் இடத்தைப் போடாதீர்கள், ஒரு மழைக்காலத்துக்குள் காணாமல் போகும். எண்ணை வனத்துறைக்குக் கொடுங்கள். வெளியில் அளவு, படம், ஏற்றக் கணக்கு, எந்தத் தாளில் எந்தப் பகுதி என்பது மட்டும் போதும். படத்தைப் போடுமுன் அதற்குள் பதிந்திருக்கும் இடத்தகவலை நீக்கினீர்களா என்று பாருங்கள்.